சும்மா கேம்தானே?

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. வீடு இருப்பது அம்பாசமுத்திரத்தில், நான் இருப்பது ஏர்பேட்டில். நடுவில் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே பஞ்சாயத்து முழுக்க போனில்தான்.

ஏர்பேடு தெரியாதவர்களுக்கு: திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகிற வழியில் வரும் சின்ன ஊர். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். திருப்பதி ஐ.ஐ.டி. இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் குடிமல்லம், பழைய சிவலிங்கம் உள்ள ஊர். பேங்க்காரன் என்றால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை கட்ட வேண்டும், தெரிந்ததுதானே. இந்த முறை ஆந்திரா. பகலில் ஆணி பிடுங்குவது தெலுங்கில், ராத்திரி எட்டரைக்கு மேல் தங்கமணியோடும் பையன்களோடும் பேசுவது நெல்லைத் தமிழில். இதுதான் வாழ்க்கை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெரியவன் ப்ளஸ் டூ. சின்னவன் ஏழாவது. பெரியவன் மைன்கிராஃப்ட் ஆடுவான். கட்டம் கட்டமாக இருக்கும் கற்களை அடுக்கி வீடு, கோட்டை, ஊர் என்று கட்டுகிற விளையாட்டு. அவனும் இன்னும் நாலு பையன்களும் சேர்ந்து தனியாக ஒரு சர்வர் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஒருவன் மஸ்கட், ஒருவன் டொராண்டோ, ஒருவன் சிங்கப்பூர், ஒருவன் மலேசியாவில் கிள்ளான். எல்லாம் தமிழ்ப் பையன்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் மூன்று வருஷமாகத் தினமும் பேசுகிறார்கள். கிள்ளான் பையன் 'லா' போட்டுத் தமிழ் பேசுவதை இவன் வீட்டில் பேசிக்காட்டிச் சிரிப்பு மூட்டுவான்.

அந்தக் கிள்ளான் பையன் போன ஜூலையில் டெங்கு வந்து இறந்துபோனான். பதினேழு வயது.

இவர்களால் போக முடியுமா? பாஸ்போர்ட் கிடையாது, பணம் கிடையாது, அந்த அம்மா அப்பாவின் போன் நம்பர்கூடத் தெரியாது. விளையாட்டுக்குள் அந்தப் பையன் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். பாதியில் நிற்கிறது, கூரை இல்லை. மற்ற நாலு பேரும் கூடிப் பேசி, அந்த வீட்டை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். கூரை போடக்கூடாது, ஒரு கல்லைக்கூட நகர்த்தக்கூடாது. வாசலில் ஒரு பலகை, அதில் அவன் பெயர். சுற்றிப் பூச்செடி. வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லோரும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நிற்பார்களாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிற்பாடு தங்கமணி சொல்லித்தான் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் பெரியவன் டியூஷன் போயிருந்த நேரம் சின்னவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அண்ணன் பெயரிலேயே உள்ளே போய், அந்த வீட்டில் டி.என்.டி. வெடி வைத்துவிட்டான். வீடு தரைமட்டம்.

ராத்திரி போன் வந்தது. "எப்பா, அவன் வீட்டை இவன் வெடி வச்சுத் தகர்த்துட்டாம்ப்பா." குரல் உடைந்திருந்தது.

அன்று எனக்குக் காலாண்டு முடிவு. தலைக்கு மேல் வேலை. நான் சொன்னது இதுதான்: "ஏல, சும்மா கேம்தானல. இன்னொண்ணு கட்டிக்கிட வேண்டியதான? மேத்ஸ் படிச்சியா?"

போனை வைத்துவிட்டான். நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் தங்கமணி பேசினாள். "நீங்க சொன்னது சரியில்ல. அவன் ஒழுங்காச் சாப்பிடக்கூட இல்ல. சின்னவனை நான் கண்டிச்சா, 'அப்பாவே சும்மா கேம்தான்னு சொல்லிட்டாங்க'ங்கான்."

மாட்டிக்கொண்டேன்.

இன்னொன்று கட்டிக்கொள் என்று நான் சொன்னதில் என்ன தப்பு? பி.காம். படித்துப் பேங்க்கில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு ஒரு நூறு ரூபாய் நோட்டும் இன்னொரு நூறு ரூபாய் நோட்டும் ஒன்றுதான். கிழிந்தால் மாற்றித் தருவோம். அதே மாதிரி அதே கலர் கல், அதே அளவு, அதே இடம். ஒரு மணி நேரத்தில் கட்டிவிடலாம். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இதுதான் என் கணக்கு.

மறுநாள் என் பிராஞ்சிலேயே இந்தக் கணக்கு உதைத்தது. நகைக்கடன் திருப்ப ஒரு பாட்டி வந்திருந்தார். பக்கத்துக் கிராமம். பணம் கட்டியாயிற்று, நகைப் பையைக் கொடுத்தோம். எடை சரிபார்த்தோம், நாலு கிராம் சொச்சம், சீட்டில் உள்ளபடி. பாட்டி எடையைப் பார்க்கவே இல்லை. மோதிரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஒரு நசுங்கல். அதைக் கண்டபிறகுதான் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் போட்டிருந்த மோதிரமாம், அவர் இறந்து பல வருஷம் ஆகிறதாம். அதே எடையில் புது மோதிரம் கொடுத்திருந்தால் அந்த அம்மா என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

என் பையன் சொல்லவந்தது இதைத்தான். அந்த வீட்டில் இருந்தது கிள்ளான் பையன் தன் கையால் ஒவ்வொன்றாக வைத்த கற்கள். இவர்கள் திரும்ப அடுக்கினால் அது இவர்கள் கட்டிய வீடு. பேக்கப் இருக்கிறதாம், ஆனால் அவன் அந்த வீட்டைத் தொடங்குவதற்கு முன்னால் எடுத்ததாம். ஆகவே போனது போனதுதான்.

இப்படி நடப்பது புதிதில்லை என்று தேடிப் பார்த்தபோது தெரிந்தது. இதில் ரொம்பப் பேர் பேசியது 2006 மார்ச்சில் நடந்த ஒரு விஷயம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் பக்கவாதத்தில் இறந்துவிட்டார். அவருடைய நண்பர்கள் விளையாட்டுக்குள்ளேயே பனி மூடிய ஓர் ஏரிக்கரையில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நாள், இடம் எல்லாம் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். எதிரணிக் குழு ஒன்று சரியாக அந்த நேரத்தில் படையெடுத்து வந்து, வரிசையில் நின்றவர்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தது. அதை வீடியோ எடுத்தும் போட்டார்கள். இன்று வரை அதை வைத்துச் சண்டை ஓயவில்லை.

வெட்டியவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். அது எதிரணியினரைத் தாக்கலாம் என்ற விதியுள்ள சர்வர். அந்த ஏரியும் இரண்டு அணிக்கும் பொதுவான போர்க்களம். விதியில் இல்லாததை அவர்கள் செய்யவில்லை. "போர்க்களத்தில் வந்து அழுதால் நாங்கள் என்ன செய்ய?" என்பதுதான் அவர்கள் வாதம். நாலு பேர் துக்கத்துக்காக மற்றவர்கள் விளையாட்டை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். நானே பாதிவரை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் போர்க்களத்தில் இறந்தவனுக்கு என்ன மரியாதை என்பதில் நமக்குப் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. நடுகல். ஆநிரை கவர வந்து செத்தவனுக்கும் கல் நட்டார்கள், மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டார்கள். செங்கம் பக்கத்து நடுகல் கல்வெட்டுகளில் இரண்டு வகையும் உண்டு. கல்லைத் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்று அந்த நாய்க்குப் பெயர். இரண்டு திருடர்களைக் கடித்து, செத்துக் கிடந்த எசமானுக்குக் காவல் நின்றதாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையவை. அதில் ஒன்று ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு. அவன் ஊர் பெயர் பேடு. (ஏர்பேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான் :-)) அதைக் கண்டுபிடித்ததும் அதே 2006-ல்தான்.

மாடு பிடிக்கிற சண்டையைவிட மோசமான போட்டியா கம்ப்யூட்டர் விளையாட்டு? அங்கேயே செத்தவனுக்குக் கல் நட இடம் இருந்தது. இன்றைக்கும் தர்மபுரி, செங்கம் பக்கம் போனால் அந்தக் கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். யாருடைய கல், எந்தச் சண்டை என்று கும்பிடுகிற பலருக்குத் தெரியாது. இந்தச் சித்தூர் சீமையிலும் வீரகல்லு உண்டு.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. ஈவ் ஆன்லைன் என்று ஒரு விண்வெளி விளையாட்டு. துரோகம், கொள்ளை, ஏமாற்று எல்லாவற்றுக்கும் பேர் போனது. அதில் பெரிய ஆளாக இருந்த ஷான் ஸ்மித் என்ற அமெரிக்க வெளியுறவுத்துறை ஊழியர் 2012 செப்டம்பரில் லிபியாவின் பெங்காசியில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். அப்போது பல அணிகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் விண்வெளி நிலையங்களுக்கு அவர் நினைவாகப் பெயர் மாற்றினார்கள். யாரும் சட்டம் போடவில்லை.

அடுத்த கேள்வி: கல்லாவது நிஜம், கம்ப்யூட்டரில் உள்ள கல் வெறும் கணக்குத்தானே? நானும் இப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் குடியிருப்பது காளஹஸ்திக்குப் பக்கத்தில். வெறும் கல் என்று இங்கே பேச முடியாது. கண்ணப்பர் தன் கண்ணைப் பிடுங்கி அப்பியது இங்கேதான். அதே கதையில் சிவகோசரியாரும் இருக்கிறார். கண்ணப்பர் வைத்த இறைச்சியை அவர் அசுத்தம் என்று தினமும் கழுவித் தள்ளினார். அவர் கெட்டவர் இல்லை, எதிரில் நடப்பது பூஜை என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அந்தக் கட்சி. பையன்கள் வெள்ளிக்கிழமை கூடி நின்றது அஞ்சலி என்று எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு என்று நினைத்துவிட்டேன்.

இதற்கு மேல் ஒன்று சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2021 மே மாதம் அப்பா தவறினார். கொரோனா இரண்டாம் அலை. நான் அப்போது மகாராஷ்டிராவில் நாந்தேடில் போஸ்டிங். ஊருக்கு வர வழியில்லை. தம்பி போனைப் பிடித்துக் காட்ட, வாட்ஸப் வீடியோவில்தான் எல்லாம் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை கட்டாயிற்று. கடைசியில் அப்பா முகத்தைக் கிட்டத்தில் காட்டச் சொன்னேன். ஸ்கிரீனில் முகம் வந்ததும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஐந்தங்குல கண்ணாடி. அது அப்பா இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் யாராவது பின்னால் வந்து போனைத் தட்டிவிட்டு "சும்மா வீடியோதானே சார்" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் துபாயிலும் நியூஜெர்சியிலும் சிட்னியிலும் உட்கார்ந்து இப்படி ஒரு சாவைப் பார்த்திருப்பீர்கள்! பிணம் ஓர் ஊரில், பிள்ளை ஓர் ஊரில் என்பது நம் பிழைப்போடு வந்த விதி. கண்ணாடி வழியாக அழுவது எப்படி என்று நமக்குத் தெரியும். நம் பிள்ளைகள் அதையே செய்யும்போது மட்டும் நமக்குச் சிரிப்பாக இருக்கிறது.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒருவர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தார். ராத்திரி பகலாக வார்கிராஃப்ட் ஆடிக்கொண்டிருந்த மகனுக்குச் சிநேகிதமே இல்லையே என்று பெற்றோருக்கு வருத்தம். இறந்த செய்தியை அவருடைய வலைப்பக்கத்தில் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. விளையாட்டில் அவருக்கு இபெலின் என்று பெயர். அந்தப் பெயரில் எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறார். சிலர் அடக்கத்துக்கே வந்தார்கள். 2024-ல் இது ஆவணப்படமாக வந்தது. அந்தப் பெற்றோர் மகனை முழுசாக அறிந்தது அவன் போன பிறகு. எனக்கு அது உறைத்தது. என் பையனின் சிநேகிதர்களில் ஒருவன் செத்து இத்தனை நாள் கழித்துத்தான் எனக்கு விஷயமே தெரியும். அதுவும் வெடி வைத்ததால்.

சரி, மரியாதை என்றால் என்ன? விளையாடுகிற எல்லோரும் வந்து தலை குனிந்து நிற்க வேண்டுமா? அப்படி நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. வயிற்றுப்பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக நடுவது. அவள் இறக்கிவைக்காத சுமையை வழிப்போக்கர்கள் அதில் இறக்கிவைப்பார்கள். நாங்கள் பைக்கட்டை அதன்மேல் போட்டுவிட்டு ஏறிக் குதிப்போம். ஆச்சி பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏறி விளையாடுங்கல. ஒடச்சிராதிய." எனக்கு இதைவிட நல்ல விதி தெரியவில்லை.

கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பார்டர்லேண்ட்ஸ் 2 என்ற விளையாட்டை எடுத்த கம்பெனி, 2011-ல் 22 வயதில் இறந்த ஒரு ரசிகரை அதில் ஒரு பாத்திரமாக வைத்தது. அவ்வப்போது எதிர்ப்படுவார், நாம் போய்ப் பேசினால் ஓர் ஆயுதம் பரிசாகத் தருவார். அவர் யார் என்று தெரியாதவனும் வாங்கிக்கொண்டு போகலாம். நம்ம சுமைதாங்கி மாதிரிதான்.

என் கட்சியை மூன்று வரியில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, உடைக்காதே, கேலி செய்யாதே. அங்கே நின்று அழ வேண்டும் என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை. கடந்து போனால் போதும்.

இரண்டு, விதி அனுமதிக்கிறது என்பது பதில் ஆகாது. பேங்க்கில் விதிப்படி நான் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மூன்று தவணை தவறிய வீட்டில் நோட்டீஸ் ஒட்டுவது அதில் ஒன்று. அந்த வீட்டில் சாவு நடந்த அன்று யாராவது ஒட்டுவோமா? மறுநாள் போகலாமே.

மூன்று, நினைவிடம் வைப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நடுவழியில் வைத்து எல்லோரும் சுற்றிப் போ என்று சொல்லக்கூடாது. சிலை வைத்தே சாலையை அடைத்த அனுபவம் நமக்கு நிறைய. ஓரமாக, சின்னதாக இருக்கட்டும். அஞ்சலிக் கூட்டம் என்றால் சண்டை அனுமதியில்லாத இடமாகப் பார்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்று கம்பெனிகளுக்கு. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை நாங்கள் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடுவோம், 2014 முதல் அதுதான் ஏற்பாடு. அதற்குப் பிறகும் வாரிசு வந்து கேட்டால் பணம் உண்டு. நாலாயிரம் ரூபாய்க்கே இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. சர்வரை மூடும்போது அங்கிருக்கும் நினைவிடங்களைப் படமாகவாவது எடுத்து உரியவர்களிடம் கொடுக்க என்ன செலவாகிவிடும்?

சின்னவன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவனுக்குத் தண்டனை கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. என் வாயிலிருந்து போன வார்த்தையைத்தானே அவன் பிடித்துக்கொண்டான். போனில் இரண்டு பேரையும் ஸ்பீக்கரில் போடச் சொல்லி, முதலில் நான் பெரியவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் "சரிப்பா" என்று மட்டும் சொன்னான். பிறகு சின்னவனுக்குத் தாத்தா சாவை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொன்னேன். அன்று அவனுக்கு விவரம் தெரியாத வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் திரும்பக் கட்டித் தாரேன்"னான். பெரியவன் வேண்டாம் என்றுவிட்டான். அந்தப் பள்ளத்தை அப்படியே விடுவதா, மூடுவதா என்று மற்ற மூன்று பேரோடும் பேசி முடிவு செய்ய வேண்டுமாம். இன்னும் முடிவாகவில்லை. பெரியவனுக்குத் தம்பிமேல் கோபமும் தீரவில்லை. தீர நாளாகும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப்பில் அந்த விளையாட்டை ஏற்றி, அவன் சொல்லச் சொல்ல உள்ளே போனேன். நடக்கத் தெரியாமல் இரண்டு முறை தண்ணீரில் விழுந்தேன். சின்னவன் சிரித்தான், பெரியவனும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஒரு பெரிய பள்ளம். ஓரத்தில் ஒரு பக்கச் சுவர் மட்டும் நாலு கல் உயரத்துக்கு மிச்சம் இருக்கிறது. "இது அவன் வச்சதுதாம்ப்பா" என்றான். ஐந்து நிமிஷம் நின்றேன்.

டிஸ்கி: பிள்ளைகள் ஆடுகிற விளையாட்டில் யாராவது இறந்துபோயிருக்கிறார்களா என்று இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.